கேட்டில் இருக்கும் சூரியன் எந்தக் கட்சி?

போன பொங்கலுக்கு சங்கராபுரம் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடுற நேரத்துல தம்பி ஆரம்பிச்சான். "அண்ணே, ஊட்டு எலிவேஷனை மாத்திடலாம்னு இருக்கேன். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன்." செல்போனில் படம் காட்டினான். முகப்பு முழுக்க அலுமினிய ஷீட்டு, நடுவுல நீலக் கண்ணாடி. பார்த்தா நகைக்கடை மாதிரி இருந்தது.

அது போகட்டும். இரும்பு கேட்டை எடைக்குப் போடப்போறேன்னு சொன்னதுதான் எனக்குச் சுருக்குன்னது. ரெண்டு கதவையும் சாத்தினா நடுவுல அரைவட்டச் சூரியன், சுத்தி கதிர்கள். "எலெக்ஷன் வந்தா கட்சிக்காரங்க ஊடான்னு கேக்கறாங்கண்ணே. தாத்தாவோ காங்கிரஸ்காரர்!"

கைப்பிடிச் சுவரைப் பாருடான்னேன். சுண்ணாம்புப் பூச்சில் '1954'ன்னு புடைச்சு நிக்குது. திமுக தொடங்கியது 1949. முதன்முதலா தேர்தலில் நின்றது 1957-இல். திமுகவின் உதயசூரியன் தேர்தலுக்கு வரும் முன்னாடியே எங்க கேட்டில் உதிச்சிருச்சு :-)

அப்ப இது எங்கிருந்து வந்த சூரியன்? 1925-இல் பாரிஸில் அலங்காரக் கலைகளுக்குன்னு பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. 'ஆர்ட் டெகோ' என்ற பாணிக்கு அந்தக் கண்காட்சியிலிருந்துதான் பெயர் வந்தது. வளைந்த மூலைகள், ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி நீளும் சன்ஷேடு, படிப்படியா ஏறும் கைப்பிடிச் சுவர், கதிர் விரிக்கும் சூரியன் எல்லாம் அதன் அடையாளங்கள். பம்பாயில் மெரைன் டிரைவ் ஓரமா வரிசையா நிற்கும் இந்த வகைக் கட்டடங்களுக்கு 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. சென்னையில் பாரிமுனையிலுள்ள டேர் ஹவுஸ் 1940-இல் எழும்பியது. தாத்தா மல்லாட்டை வியாபாரி, மாசத்துக்கு ஒருதரம் பாரிமுனை போய் வருவார். அங்கே அண்ணாந்து பார்த்ததைத்தான் ஊருக்கு வந்து உள்ளூர்க் கொத்தனாரிடம் கையை ஆட்டி விளக்கியிருக்கணும்.

ஆனால் ஆசைப்பட்டாலும் சிமெண்ட் வேணுமே? டால்மியாபுரம் ஆலை 1939-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் உலகப்போர் காலத்தில் வந்த சிமெண்ட் கட்டுப்பாடு அப்புறமும் நீண்டது. 1982-இல் பாதியும், 1989-இல் முழுசும்தான் விலகியது. எங்க வீட்டிலும் சன்ஷேடுக்கு மட்டும்தான் சிமெண்ட். சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், பூச்சில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும். முகம் பம்பாய், உடம்பு பழைய தென்னாற்காடு! அந்த வீடு நகரவே இல்லை. மாவட்டம்தான் 1993-இல் விழுப்புரமாகவும் 2019-இல் கள்ளக்குறிச்சியாகவும் மாறிவிட்டது.

இதையெல்லாம் தம்பிக்குப் பாடம் நடத்திட்டு இருந்தப்போ சித்தப்பா குறுக்கே வந்தார். "ரொம்பப் பேசாதடா. இந்த மூஞ்சியும் ஒட்டவெச்சதுதான். முன்னாடி நாட்டு ஓடு, மரத்தூண், ரெண்டு பக்கமும் திண்ணை. உங்க தாத்தா இடிச்சப்போ ஆயா மூணு நாள் சாப்பிடல."

எனக்குப் பேச்சே வரல. நான் காப்பாத்தணும்னு நின்ன பழசு, இன்னொரு பழசை இடிச்சு வந்ததுதான். தாத்தா செய்ததும் எலிவேஷன் மாத்துற வேலையேதான். வழிப்போக்கர் உட்காரும் திண்ணை போய், சாத்திக்கொள்ளும் கேட்டு வந்தது. அவர் காலத்துக்கு அதுதான் நாகரிகம்.

அப்போ மாத்தவே கூடாதுன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனா எதை மாத்துறதுன்னு கேக்கலாமே. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால், ஈரம் வெளியே போக வழியில்லாம உள்பக்கம் திரும்பும், பூச்சு பொரிஞ்சு உதிரும். தம்பி ஏற்கெனவே இடுப்பளவு டைல்ஸ் ஒட்டின சுவரில் உள்பக்கம் உப்புப் பூத்திருக்கு. அதைக் காட்டினதும்தான் அவன் யோசிச்சான். பக்கத்துல புதுச்சேரி வைசியாள் தெருவுல பழைய தமிழ் வீடுகளின் முகப்பை, திண்ணையும் தாழ்வாரமுமா மீட்டு எடுத்தாங்க. 2008-இல் யுனெஸ்கோ விருதும் வாங்கினாங்க. அங்கேயும் மக்கள் குடியிருக்காங்க, ஃபேனும் டிவியும் ஓடுது.

தம்பி பக்கமும் நியாயம் இருக்கு. கார் உள்ளே நுழையாது, ராத்திரியெல்லாம் ரோட்டில்தான் நிக்குது. கடைசியில் இப்படி முடிவாச்சு: பக்கவாட்டில் ஒரு தூணை நகர்த்தி, கேட்டுக்கு மூணாவதா ஒரு சாதாரணக் கதவு. டைல்ஸை உரிச்சு மறுபடி சுண்ணாம்பு. கறுத்த சன்ஷேடைத் தேய்ச்சு வெள்ளை. அலுமினிய ஷீட்டு வேண்டாம். கேட்டுக்கு எந்தக் கட்சி நிறமும் இல்லாம பச்சைன்னு நான் சொல்ல, அதுக்கும் ஒரு கட்சி இருக்குன்னு தம்பி சொல்ல, சாம்பல் நிறம் அடிச்சோம்.

வாசலோரம் ஒரு முழ அகலத்துக்குச் சின்னத் திண்ணை கட்டச் சொன்னது சித்தப்பா. யாரும் எதிர்க்கல. சாயங்காலம் அவர்தான் முதல்ல போய் உட்கார்ந்தார்.

உங்க ஊர்த் தெருவிலும் கைப்பிடிச் சுவரில் வருஷம் போட்ட வீடுகள் இருக்கும். மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வையுங்க மக்களே. வீட்டுப் பெரியவங்ககிட்ட அதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னும் கேட்டு வையுங்க. பின்னூட்டத்தில் சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்.