ஈராண்டுத் தொழிற்கல்வியும் எமது இளைஞரும்

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காகக் காணியையும் நகையையும் ஈடுவைக்கத் தயங்காதவர். ஆயினும் அவர்கள் மனத்திலே கல்விக்கு வாசல் இரண்டே உண்டு. ஒன்று வைத்தியம், மற்றையது இஞ்சினியர் உத்தியோகம். அவ்விரண்டிலும் நுழையாத பிள்ளையைத் தவறிப்போன பிள்ளையென்று எண்ணிவிடுகின்றோம். பல்கலைக்கழகத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு படி உண்டு. பள்ளிப் படிப்பை முடித்தபின் ஈராண்டு கற்று, தொழிற்களத்திலே பயிற்சியும் பெற்று, டிப்ளோமாவுடன் வெளிவரும் கல்வியே அது. அந்தப் படி இந்நாட்டிலே எழுந்தும் சரிந்தும் வந்த வரலாற்றை இம்மலரிலே சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இலங்கையிலே தொழில்நுட்பக் கல்விக்குத் தாய்வீடு கொழும்பு மருதானையாகும். 1893ஆம் ஆண்டு அங்கே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடக்கினர். தெரு, பாலம், குளம், புகையிரதப் பாதை ஆகியவற்றை அமைக்க அறிந்த ஆட்கள் வேண்டியிருந்தமையே காரணம். நிலத்தை அளப்பவன், படம் வரைபவன், வேலைத்தலத்தை மேற்பார்வை செய்யும் ஓவசியர் என்போர் இன்றி இஞ்சினியர் ஒருவரால் யாது செய்யமுடியும்? அக்காலத்திலே கடல் கடந்து மலாயா சென்ற எம்மவர் பலரும் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் இத்தகைய வேலைகளையே பார்த்தனர். யாழ்ப்பாணத்திலே மலாயாப் பென்சன் பணத்தால் எழுந்த கல்வீடுகள் அவர்தம் உழைப்புக்குச் சான்று.

மருதானைக் கல்லூரி பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பரீட்சைக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1950ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடம் தொடங்கியது. பட்டக்கல்வி அங்கே சென்றது. டிப்ளோமாக் கல்வி மருதானையிலேயே நின்றது. ஒரே தொழிலின் இரு கூறுகள் இரு வேறு வீடுகளிற் குடியேறின. ஒன்றுக்கு மதிப்பும் மற்றையதற்கு வேலைப்பளுவும் வாய்த்தன.

கல்லோயாத் திட்டம் நடந்த 1950களில் அம்பாறையிலே ஹாடி தொழில்நுட்ப நிறுவகம் எழுந்தது. 1960ஆம் ஆண்டு கனடா நாட்டின் உதவியோடு கட்டுபெத்தையிலே செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் அமைந்தது. இது 1966இல் இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரியாகியது. 1972இல் பல்கலைக்கழக வளாகமாகியது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகியது. நாடு பெருமை கொள்ளத்தக்க வளர்ச்சியே இது. எனினும் கூர்ந்து நோக்கின் வேறொன்றும் புலப்படும். நடுப்படிக்கெனக் கட்டிய வீட்டிலே பட்டக்கல்வி தலைமகனாகிவிட, டிப்ளோமாக் கல்வி ஒரு மூலையில் ஒதுங்கிற்று. ஈராண்டு கல்வியும் ஓராண்டு தொழிற்களப் பயிற்சியுங் கொண்ட தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கென அப்பல்கலைக்கழகத்தின் கீழ்த் தனி நிறுவகம் அமைந்தது 2000ஆம் ஆண்டிலேதான்.

இவ்வரலாறு எமது ஊர் வேலிக்கு அப்பாலும் நடந்ததுண்டு. 1969ஆம் ஆண்டு அரசாங்கம் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகளைத் திறந்தது. தொழிலுக்கு உதவும் ஈராண்டு டிப்ளோமாக்களை வழங்குவதே நோக்கம். அவற்றுள் ஒன்று எமக்கு அண்மையிலுள்ள பலாலியிலே இயங்கியது. 1970இல் ஆட்சி மாறிற்று. சிறிது காலத்துள் அத்திட்டமும் கைவிடப்பட்டது. அதே வேளையிலேதான் பல்கலைக்கழக வாசலும் எம்மவர்க்கு ஒடுங்கியது. 1971ஆம் ஆண்டு அனுமதியிலே பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவர்க்கு 227 போதுமாயிற்று. பெரிய வாசல் ஒடுங்கிய காலத்திலே பக்கத்து வாசலும் அடைபட்டது. அதனால் வந்த நட்டத்தை எமது மூத்தோர் நன்கறிவர்.

பிற நாடுகளிலே இந்தப் படி நிலைத்து நின்றது. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு ஜோலியற் என்னும் நகரிலே ஈராண்டுக் கல்லூரி தொடங்கியது. இன்று அந்நாடெங்கும் அத்தகைய கல்லூரிகள் உண்டு. பிரான்சு 1966இல் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தொழில்நுட்ப நிறுவகங்களை நிறுவி ஈராண்டு டிப்ளோமா வழங்கியது. அங்கெல்லாம் டிப்ளோமா பெற்றவன் வேலைக்கும் போகலாம். மேற்படியேறிப் பட்டமும் பெறலாம். ஏணியிலே நடுப்படி இருந்தால் ஏறுவோன் கால் நிலைக்கும்.

எமது நாட்டிலும் இப்பொழுது அவ்வேணி ஓரளவு செப்பனிடப்பட்டுள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் அதன் கிளை உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கென ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. தேசிய தொழிற்றகைமையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் உயர் டிப்ளோமாவுக்கும் உரியவை. ஏழாம் மட்டம் பட்டம். 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவும் உண்டு.

அச்சுவேலிக்கு இக்கல்வியால் யாது பயன் எனக் கேட்கலாம். போரிலே சிதைந்த எமது கைத்தொழிற் பேட்டை இந்தியாவின் உதவியால் புனரமைக்கப்பட்டு 2014இல் மீளத் திறக்கப்பட்டது. கட்டடம் எழும்பினாற் போதாது. யந்திரத்தை நிறுவவும் பழுதறிந்து திருத்தவும் கற்றவர் வேண்டும். எமது தோட்டங்கள் கிணற்றை நம்பியவை. சுண்ணக்கற் பாறையிலே தேங்கும் நீர் உரத்தால் மாசுறாது காக்க, அதனைச் சோதித்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். வெங்காயத்தைக் கெடாது சேமிப்பதும் ஒரு கல்வியே.

சைவ மக்களாகிய நாம் நவராத்திரியிலே ஏட்டையும் எழுதுகோலையும் மாத்திரமா கலைமகள் முன் வைக்கின்றோம்? மண்வெட்டியையும் உளியையும் முழக்கோலையும் உடன் வைத்தல்லவா வணங்குகின்றோம்? பூசையிலே ஒன்றாக வைத்தவற்றை வீட்டிலே மேலென்றும் கீழென்றும் பிரித்தல் முறையாகுமா?

இளைஞர்களே! பல்கலைக்கழகப் பெயர்ப்பட்டியலிலே பெயர் இல்லையென்று ஓராண்டை மூலையிற் குந்திக் கழிக்கவேண்டாம். மறுநாளே தொழில்நுட்பக் கல்லூரியின் விண்ணப்பத்தை எடுத்து நிரப்புங்கள். பெரியோர்களே! கலியாணம் பேசுமிடத்தும் சபையிலே உபசரிக்குமிடத்தும் டிப்ளோமாக்காரனுக்கு உரிய கதிரையைக் கொடுங்கள். அரசாங்கம் ஒரு கல்லூரியைத் திறக்கலாம், மூடலாம். அக்கல்விக்குரிய மதிப்பை அளிப்பது எமது கையிலேயே உள்ளது.