வெப்பத் தடுப்புப் பூச்சு: நெளிவும் உரிவும்

டர்பைன் பிளேடு போல கடுஞ்சூட்டில் உழைக்கும் உலோகப் பாகங்களைக் காக்க அவற்றின்மேல் ஏற்றப்படும் மெல்லிய பீங்கான் அடுக்குதான் வெப்பத் தடுப்புப் பூச்சு. தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இது நீடிப்பதையும் உரிவதையும் சூட்டின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதும் தீர்மானிக்கிறது.

1960களில் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் எஞ்சின் நாசிலில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) என்ற பீங்கான் பூசப்பட்டது. சுத்த சிர்கோனியாவிடம் ஒரு குணக்கேடு உண்டு. சுமார் 1170 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறும். ஆறும்போது பழைய அமைப்புக்குத் திரும்பி 3 முதல் 5 சதவீதம் வரை பருக்கும், விரிசல் விடும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்தால் இது அடங்கும். 1976இல் நாசா, இட்ரியா கலந்த பூச்சிட்ட பிளேடுகளை ஜே-75 எஞ்சினில் ஓட்டிக் காட்டியது. எடையில் 6 முதல் 8 சதவீத இட்ரியாவே அதிக ஆயுள் தருகிறது என்று 1978இல் ஆய்வாளர் ஸ்டீஃபன் ஸ்டெக்குரா கண்டார். அந்தக் கலவை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பிறகு சிக்கல் அடியில் தெரிந்தது. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே அலுமினியம் மிகுந்த பிணைப்பு அடுக்கு ஒன்று உண்டு. பீங்கான் ஆக்சிஜனைத் தடுக்காது. எனவே பிணைப்பு அடுக்கின்மேல் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) படலம் வளரும். துருவைத் தடுப்பது அதுதான், பூச்சை உரிய வைப்பதும் அதுவே. சூட்டில் படலம் தடிப்பதோடு பக்கவாட்டிலும் நீள்கிறது. ஆறும்போது உலோகம் அதைவிட அதிகம் சுருங்குவதால் 3 முதல் 4 ஜிகாபாஸ்கல் அளவுக்கு நெருக்கப்படுகிறது. அறையைவிட நீளமான பாயைப் போல நெளிவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சூட்டில் இளகிய பிணைப்பு அடுக்கும் கூடவே வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நெளிவு சற்றே கூடும், பழைய நிலைக்குத் திரும்பாது. விறைப்பான பீங்கானால் உடன் வளைய முடியாது. பள்ளங்களில் இடைவெளி விழுந்து, சிறு விரிசல்கள் ஒன்றுசேர்ந்து, பூச்சு ஏடாகப் பெயரும்.

டோல்பிகோ, கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் பீங்கானே பூசாத பிணைப்பு அடுக்கைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆற்றி இந்த நெளிவைக் காட்டினார்கள். மேலே இருக்கும் பீங்கானின்மீது பழி போட அதன்பின் இடமில்லை. மின் தேவை உச்சத்தில் மட்டும் ஓட்டப்படும் எரிவாயு டர்பைன்களின் பராமரிப்பில், ஓடிய மணிநேரத்தோடு எத்தனை முறை ஸ்டார்ட் செய்யப்பட்டது என்பதையும் கணக்கில் வைப்பதற்கு, சூடாகி ஆறுவதால் வரும் இத்தகைய தேய்மானமும் ஒரு காரணம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இதே பூச்சுக்கு வேறொரு வேலை வந்தது. அணு எரிபொருளை உருகிய உப்பில் மறுசுத்திகரிப்பு செய்யும் முறைக்காக, துருப்பிடிக்காத எஃகின்மீதும் அடர்ந்த கிராஃபைட்டின்மீதும் இட்ரியா கலந்த சிர்கோனியாவை பிளாஸ்மா ஸ்பிரே மூலம் பூசிச் சோதித்தார்கள். லித்தியம், பொட்டாசியம் குளோரைடு உப்பு சுமார் 600 டிகிரியில் இருக்கும். டர்பைன் அளவுக்குச் சூடில்லை. இங்கே எதிரி, பூச்சின் நுண்துளைகள் வழியே அடிவரை இறங்கும் உப்பு.