குன்னூரும் ஹுன்ஸாவும்: குடல் பற்றிய ஒரு தேடல்

நீலகிரியில் ஜெகதளாவை அடுத்துள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடி மருந்துக்காகவே நம்மில் பலர் அறிவோம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்த இடமும் அதுவே. 1918இல் அங்கு ஒற்றை அறையில் அதனைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர்.

அதற்கு முன் அவர் கில்கித்தில் பணியாற்றினார். அங்கு ஹுன்ஸா பள்ளத்தாக்கில் வாழும் இஸ்மாயிலி முஸ்லிம்களின் உடல்நலம் அவரை வியக்க வைத்தது. தானியம், காய்கறி, ஆப்ரிகாட் பழம், பால் ஆகியனவே அவர்களது உணவு. குன்னூரில் அவர் குரங்குகளுக்குச் சத்துக் குறைந்த உணவை அளித்துச் சோதித்தபோது, அவற்றின் குடல் பெரிதும் நலிந்ததைக் கண்டார். உணவு கெட்டால் குடல் கெடும். குடல் கெட்டால் கிருமிகளுக்கு வழி திறக்கும் என்பது அவர் கொண்ட முடிவு.

1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய உரையில், ஹுன்ஸா மக்களிடையே புற்றுநோயைத் தாம் கண்டதில்லை என்றார். 'கண்டதில்லை' என்ற அச்சொல் பிறர் வாயில் 'இல்லவே இல்லை' என்றாயிற்று. ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பைப் புற்றுநோய் மருந்தென விற்போர் இக்கதையையே சான்றாகக் காட்டினர். அப்பருப்போ உடலுக்குள் சயனைடு நஞ்சை வெளியிடுவது!

வயிறு நோயின் இல்லம் என்னும் கூற்றை நபிமொழி என்றே பலர் வழங்குகின்றனர். ஹதீஸ் கலை அறிஞர்களோ அதனை அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் சொல் எனப் பிரித்துக் காட்டினர். சொன்னவர் யார், சொன்னது எவ்வளவு என்று பார்க்கும் அந்த நுட்பம் மருத்துவச் செய்திக்கும் வேண்டும்.

இன்று குடல் பற்றிய ஆய்வு வேறு தளத்தை எட்டியுள்ளது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் மருந்துகள் சிலருக்குப் பலன் தருவதும் சிலருக்குத் தராததும் ஏன் என்பது நெடுநாள் புதிர். குடல்வாழ் நுண்ணுயிரிகளுக்கும் அதில் பங்குண்டு என்பதை 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வுகள் காட்டின. சிகிச்சைக் காலத்தை ஒட்டி ஆன்டிபயாடிக் உட்கொண்டோரிடம் பலன் குறைந்திருந்ததை அவற்றுள் ஒன்று கண்டது. 2021இல் தோல் புற்றுநோயாளர் 128 பேரின் உணவை ஆராய்ந்தபோது, நார்ச்சத்து மிகுதியாக உண்டோர் நோய் முற்றாமல் நெடுநாள் இருந்தனர். கடையில் விற்கும் 'நல்ல கிருமி' மாத்திரைகளோ எலிகளில் மருந்தின் வேகத்தைக் குறைத்தன.