சக்கரவர்த்தி மோதிய வேலி!

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளின் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள்... கரும்பச்சையில் முள்முள்ளாக இலைகள், நடுவே செக்கச்செவேலென்று குட்டிக் குட்டிப் பழங்கள். அந்தச் செடிக்குப் பெயர் ஹாலி. அட்டையில் பார்க்க ரொம்ப சாது! வரிசையாக நட்டு உயிர்வேலியாக வளர்த்துவிட்டால், ஒரு சக்கரவர்த்தியே வந்து மோதினாலும் தாங்கும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு சக்கரவர்த்தி மோதியிருக்கிறார் என்கிறார்கள்!

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் ஈவ்லின் என்றொரு பிரமுகர். அவருடைய டைரி இன்றைக்கும் சரித்திர ஆசிரியர்களுக்குப் பொக்கிஷம். மனிதருக்கு மரம், செடி என்றால் உயிர். 1664-ல் மரங்களைப் பற்றி 'சில்வா' என்று ஒரு புத்தகமே எழுதினார். லண்டனை ஒட்டிய டெட்ஃபோர்டில் அவருடைய வீடு. அங்கே பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம். அந்தத் தோட்டத்தின் மகுடம் ஒரு ஹாலி வேலி. நீளம் சுமார் 400 அடி, உயரம் 9 அடி, கனம் 5 அடி. வேலியா அது... கோட்டைச் சுவர்!

வயதான காலத்தில் ஈவ்லின் சொந்த ஊருக்குப் போய்விட, வீட்டை வாடகைக்கு எடுத்தவர் கடற்படைத் தளபதி பென்போ. 1698-ல் அந்த வீட்டுக்கு உள்வாடகைக்கு வந்து சேர்ந்தார் ஒரு விருந்தாளி. வயது 25. உயரம் ஆறரை அடிக்கு மேல். ரஷ்யாவின் ஜார் மன்னர் பீட்டர்! கப்பல் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் டெட்ஃபோர்டுக்கு வந்தார். பகலில் கப்பல் பட்டறை, ராத்திரியில் குடியும் கும்மாளமும். சில மாதங்களில் வீடு அலங்கோலம். நாற்காலிகள் முறிந்தன, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, ஓவியங்கள் கிழிந்தன. அதோடு விட்டாரா? மன்னரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, அந்த ஹாலி வேலிக்குள் முட்டித் தள்ளிவிடுவது ஒரு விளையாட்டாம்!

சேதத்தை மதிப்பிட வந்தவர் யார் தெரியுமா? செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய மாமேதை கிறிஸ்டோபர் ரென். அரசாங்கம் சுமார் 350 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. பின்னாளில் 'சில்வா'வின் புதிய பதிப்பில், பாழாகிப்போன தன் தோட்டத்துக்காக ஜாருக்குக் கிண்டலாக ஒரு நன்றி சொல்லிவைத்தார் ஈவ்லின். அதே இடத்தில், 'இப்பவும் என்னால் காட்ட முடியும்' என்று அந்த வேலியைப் பற்றிப் பெருமையும் அடித்துக்கொண்டார். ஆமாம், வேலி பிழைத்துக்கொண்டது!

மனிதனுக்கு ஹாலி வேலி என்றால் அழகு, காவல். அவ்வளவுதான். பறவைகளுக்கோ அது வீடு, சாப்பாட்டுக் கடை, குளிர்கால விடுதி எல்லாமே. அதன் முள்ளிலைகளைத் தாண்டிப் பூனை கூட்டை நெருங்குவது லேசில்லை. மற்ற பல மரங்கள் மொட்டையாக நிற்கும் பனிக்காலத்திலும் ஹாலி இலை உதிர்க்காது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வரும் ரெட்விங் பறவைகளுக்கு இதன் பழம் விருந்து. 'மிஸில் த்ரஷ்' என்ற பறவையோ ஒரு முழு மரத்தையே தன் சொத்தாக்கிக்கொண்டு, மற்ற பறவைகளை விரட்டியடித்துக் குளிர்காலம் முழுக்கக் காவல் காக்கும்! வசந்தத்தில் 'ஹாலி ப்ளூ' என்ற நீல வண்ணத்துப்பூச்சி இதன் மொட்டுகளில் முட்டையிடும். அடியில் குவியும் சருகுகளுக்குள் முள்ளெலி படுத்திருக்கும்.

ஒரு சங்கதி... ஹாலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பெண் செடியில்தான். அருகில் ஆண் செடி இருந்து, தேனீக்கள் மகரந்தம் கொண்டுவந்தால்தான் அதுவும். முந்தைய வருஷக் கொம்பில்தான் பூக்கும் என்பதால், வருஷா வருஷம் ஒட்ட வெட்டினால் பழம் போச்சு!

ஜாரின் தள்ளுவண்டியால் முடியாததை 20-ம் நூற்றாண்டில் டிராக்டர் முடித்துக் காட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 'வயலைப் பெரிசாக்கு, விளைச்சலைக் கூட்டு' என்று விவசாயிகளை விரட்டியது பிரிட்டிஷ் அரசு. ஹாலி, ஹாதார்ன் என்று பலவகைச் செடிகள் பின்னி வளர்ந்த உயிர்வேலிகளைப் பிடுங்கி எறிய மானியமும் கொடுத்தது! சில பத்து வருஷங்களில் நாட்டின் உயிர்வேலிகளில் கிட்டத்தட்ட பாதி காலி. வயல்வெளிப் பறவைகளும் குறைந்துகொண்டே போயின. அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். கிராமப்புறங்களில் முக்கியமான உயிர்வேலிகளை இஷ்டத்துக்குப் பிடுங்க 1997-ல் சட்டம் தடை போட்டது. பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விவசாய நிலத்து வேலிகளை வெட்டக் கூடாது என்று 2024-ல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டம் வந்தது. சில விதிவிலக்குகள் உண்டு. இப்போது வேலி நடுவதற்கு மானியம்!

யோசித்துப் பாருங்கள்... ஒரு பிரமுகரின் தோட்டம் பாழானபோது கணக்குப் பார்க்க ரென் வந்தார், கஜானா திறந்தது. குருவிகளின் வீடுகள் மைல் மைலாகப் பாழானபோது, கஜானா பாழாக்கியவர்களுக்காகத் திறந்தது. ஹாலி மெள்ள வளரும் செடி. ஆள் உயரத்துக்கு வரவே பல வருஷம் ஆகும். பிடுங்குவதற்கோ ஒரு பொழுது போதும்!