இண்டக்‌ஷன் ஸ்டவ்... எந்த ப்ளக்கில் மாட்டப்போறீங்க?

இண்டக்‌ஷன் ஸ்டவ்ல தீயே இல்லை, அதனால பயமும் இல்லைன்னு நினைக்கிறீங்களா? முதல்ல சுவர்ல இருக்கிற ப்ளக் பாயின்ட்டைப் பாருங்க.

2,000 வாட் ஸ்டவ்வை முழு சூட்டில் வைத்தால், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற 6 ஆம்ப் சாக்கெட் அதற்கானதில்லை. கீசருக்குப் போடுவதுபோல, எர்த்துடன் கூடிய 16 ஆம்ப் பாயின்ட்தான் வேண்டும். பெரிய ப்ளக் நுழையலையேன்னு கன்வெர்ட்டர் மாட்டுறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இழுக்கிறது... ரெண்டுமே வேண்டாம். சமைத்து முடித்து ஸ்விட்சை அணைத்த பிறகு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடுங்க.

ஸ்டவ்வுக்கு அடியில் நியூஸ் பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீங்க. ஃபேனுக்குக் காற்று போகாது. அந்த ஃபேன் நின்ற பிறகே சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பாத்திரமா? அடியில் காந்தம் ஒட்டினால் போதும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே பக்கத்தில் நின்று சமைக்கலாம்.

மேல் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அன்றைக்கே நிறுத்திடுங்க. பொங்குகிற பால் அது வழியா உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கலாம்.