கடையில் கலைந்துபோகும் தமிழ்: பீடிஎஃப் செட்டிங்குகளைப் புரிந்துகொள்வது எப்படி?

கேகாலை மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில், பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண் ஒருவர். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகப் பதிவாகியிருப்பதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம் கொடுக்க வந்திருந்தார். தோட்டத்துப் பையன் ஒருவன் தன் லெப்டொப்பில் அதைத் தமிழில் தட்டச்சு செய்து, பீடிஎஃப் ஆக்கி, கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பியிருந்தான்.

அச்சாகி வந்த தாளில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசை வரிசையாக நின்றன.

“தம்பி, இது எங்க எழுத்து இல்லையே” என்றார் அவர்.

“ஃபைல்ல இருக்கிறதுதான் அக்கா வந்திருக்கு” என்று கடைக்காரத் தம்பி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் அதேதான். “சிங்களத்துல எழுதித் தரவா?” என்று கேட்டார். அவர் உதவி செய்யத்தான் நினைத்தார். ஆனால், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் யாரோ எழுதியதால் வந்த பிழையைத் திருத்தத்தான் அந்த அக்கா வந்திருந்தார். அதைத் திருத்தக் கொடுக்கும் கடிதத்தையும் வாசிக்க முடியாமலே கையொப்பமிட வேண்டிய நிலை.

அந்தப் பையனுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். செட்டிங்கை மாற்றி மறுபடி அனுப்பினான்; அதே குழப்பம். அவன் ஒரு புரொஃபைலில் மாற்றியிருந்தான், பிரிண்டர் வேறொரு புரொஃபைலை எடுத்திருந்தது. இரண்டாவது தடவை தமிழ் வந்தது; ஆனால் கையொப்ப வரி தாளின் அடியில் வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாவது தடவைதான் கடிதம் கடிதமாக வந்தது. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கே சரியான இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இந்தக் கட்டுரை அந்த அரை மணித்தியாலத்தை மற்றவர்களுக்கு மிச்சப்படுத்துவதற்காக.

பீடிஎஃப் கொடுத்த வாக்கு

எடோப் நிறுவனத்தின் இணை நிறுவுநர் ஜோன் வோர்னொக் 1991 இல் தொடக்கிவைத்த யோசனை, 1993 இல் பீடிஎஃப் ஆக வெளிவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் ஆவணம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 2008 இல் அது சர்வதேச நியமமாகவும் ஆனது.

ஆனால் இந்த வாக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆவணத்தில் பயன்படுத்திய எழுத்துரு பீடிஎஃப் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால், திறக்கும் கணினி தன்னிடமுள்ள வேறொரு எழுத்துருவைப் போட்டு நிரப்பும். ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஓர் எழுத்துருவுக்குப் பதில் அதைப் போன்ற இன்னொன்று வரும், வாசிக்கலாம். தமிழுக்கு அப்படியல்ல.

இலங்கையில் நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்டது பாமினி எழுத்துரு. இன்றும் பல லெப்டொப்களில் அதுதான். பாமினியில் தட்டச்சு செய்யும்போது கணினி சேமிப்பது தமிழை அல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லை அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் வைத்திருக்கிறது. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. அக்காவின் கையிலிருந்த தாளில் நடந்தது இதுவே. எஃப்எம் அபய போன்ற பழைய சிங்கள எழுத்துருக்களிலும் இதே சிக்கல் உண்டு.

ஒரே செட்டிங், பல இடங்கள்

பீடிஎஃப் உருவாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேர்ட் போன்ற மென்பொருளில் ‘சேவ் அஸ்’ கொடுத்து நேரடியாகச் சேமிப்பது. மற்றது, ‘பிரிண்ட்’ கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் பீடிஎஃப் என்று பெயருள்ள பிரிண்டரைத் தெரிவது. இந்த இரண்டாவது ஒரு பொய்ப் பிரிண்டர். தாளுக்குப் பதிலாகக் கோப்பைத் தரும். விண்டோஸ் 10 இலிருந்து அப்படியொன்று விண்டோஸுடனேயே வருகிறது. அதைவிட எடோப் அக்ரோபட், பீடிஎஃப் கிரியேட்டர் போன்றவற்றை நிறுவினால் அவற்றின் பிரிண்டர்களும் பட்டியலில் சேரும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அக்ரோபட் நிறுவிய கணினியில், ஒரே வகையான செட்டிங் வேர்டின் அக்ரோபட் பகுதியில் ஒரு தடவையும், பிரிண்டரின் தெரிவுகளில் இன்னொரு தடவையும் இருக்கும். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடத்தில் மாறாது. பிரிண்டர் தெரிவுகளிலும் இரண்டு வாசல்கள் உண்டு. விண்டோஸின் பிரிண்டர் பட்டியலில் சென்று மாற்றினால் எல்லா மென்பொருள்களுக்கும் அது பொருந்தும். வேர்டின் ‘பிரிண்ட்’ பெட்டிக்குள் மாற்றினால் அந்த வேலைக்கு மட்டுமே. அடுத்த நாள் வேர்டைத் திறந்தால் பழைய செட்டிங் திரும்பி வந்திருக்கும்.

பீடிஎஃப் கிரியேட்டர் போன்றவற்றில் ‘புரொஃபைல்’ என்று ஒன்று உண்டு. இது செட்டிங்குகளின் ஒரு கட்டு. சிறிய கோப்புக்கு ஒரு கட்டு, உயர்ந்த தரத்துக்கு ஒன்று, நீண்டகாலப் பாதுகாப்புக்கு ஒன்று, கடவுச்சொல் போட்ட கோப்புக்கு ஒன்று எனப் பல இருக்கும். ஒவ்வொரு பிரிண்டருக்கும் எந்தப் புரொஃபைல் என்பதைத் தனியாக இணைக்க வேண்டும். நீங்கள் ஒரு புரொஃபைலைத் திருத்திச் சேமித்தாலும், பிரிண்டர் வேறொன்றுடன் இணைந்திருந்தால் உங்கள் திருத்தம் வேலை செய்யாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்கை அல்ல. பிரிண்டர் எந்தப் புரொஃபைலை எடுக்கிறது என்பதை.

பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

ஸ்மோலெஸ்ட் ஃபைல் சைஸ்: மிகச்சிறிய கோப்பு. பெயரைப் பார்த்து, வட்ஸ்அப்பில் அனுப்ப இதுதான் நல்லது என்று பலர் தெரிகிறார்கள். அக்ரோபட்டில் இது வண்ணப் படங்களை ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகளாகக் குறைத்துவிடும். கையெழுத்தில் எழுதிய பழைய பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து இதில் போட்டால், பெயரின் புள்ளியும் கொம்பும் மங்கிப்போகலாம். சில பதிப்புகளில் இது எழுத்துருவையும் பதிக்காது.

ஸ்டேண்டர்ட்: அன்றாட அலுவலக வேலைக்கானது. படங்கள் 150 புள்ளிகளாகும்.

ஹை குவாலிட்டி பிரிண்ட், பிரஸ் குவாலிட்டி: படங்கள் 300 புள்ளிகளில் நிற்கும். இரண்டாவது அச்சகங்களுக்கானது. கடிதத்துக்கு முதலாவதே போதும்.

பீடிஎஃப்/எக்ஸ்: புத்தகம், சஞ்சிகை அச்சிடும் அச்சகங்களுக்கானது. நமக்குத் தேவையில்லை.

பீடிஎஃப்/ஏ: ஆவணக் காப்பகங்களுக்காக 2005 இல் வந்த நியமம். பயன்படுத்திய எழுத்துருக்கள் எல்லாம் கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும் என்பது இதன் கட்டாய விதி. பெயர் அந்நியமாக இருந்தாலும், தமிழ்க் கடிதத்துக்கு இதுவே பாதுகாப்பானது. வேர்டில் ‘சேவ் அஸ்’ கொடுத்து, பீடிஎஃப் தெரிந்து, ‘ஒப்ஷன்ஸ்’ பெட்டியில் இதற்கான கட்டத்தில் சரி அடையாளம் இடலாம். லிப்ரே ஒபிஸிலும் பீடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் இது உண்டு.

18 மில்லிமீற்றர்

இரண்டாவது சிக்கல் தாளின் அளவு. இலங்கையில் அலுவலகத் தாள் ஏ4: 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அமெரிக்காவில் லெட்டர்: 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். விண்டோஸை நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தை மாற்றாமல் விட்டால், பிரிண்டர்களின் வழக்கமான தாள் லெட்டராக அமைந்துவிடலாம். இரண்டுக்கும் உயரத்தில் 18 மி.மீ. வித்தியாசம். கடிதத்தில் கையொப்பமும் திகதியும் வரும் இடம் அதுவே.

தாள் அளவை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: வேர்ட் ஆவணத்தில், பீடிஎஃப் பிரிண்டரின் தெரிவுகளில், கடைசியாகக் கடையின் பிரிண்டரில். மூன்றிலும் ஏ4 என்றிருந்தால் பிரச்சினை இல்லை. கையில் கிடைத்தது லெட்டர் அளவுப் பீடிஎஃப் என்றால், கடையில் ‘ஃபிட்’ என்ற தெரிவில் அடிக்கச் சொல்லுங்கள், எதுவும் வெட்டுப்படாது. ஏ4 படிவத்தை அதன் அளவிலேயே எடுக்க ‘அக்சுவல் சைஸ்’ சரியானது.

பதித்தால் மட்டும் போதுமா?

அச்செடுத்துக் கையில் கொடுக்கும் கடிதத்துக்குப் போதும். மின்னஞ்சலில் அனுப்புவதற்குப் போதாது. பாமினியைப் பதித்த பீடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. தேடினால் கிடைக்காது. வெட்டி ஒட்டினால் குழம்பும்.

சப்ரகமுவவில் இது சின்ன விடயமல்ல. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத் தமிழர்கள் சிங்களவர்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசங்களுக்குள் சிதறி வாழ்கிறார்கள். கடிதத்தைப் பெறும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவர் அதை கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்க முயலலாம். யூனிகோட் தமிழ் என்றால் ஓரளவாவது புரியும். பாமினி என்றால் ஒன்றும் வராது.

யூனிகோடில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸில் நிர்மலா யூஐ அதற்கான எழுத்துரு. விண்டோஸ் 8 இலிருந்து கூடவே வருகிறது. லதா எழுத்துரு விண்டோஸ் 10 இலிருந்து தனியாகச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பழைய பாமினிக் கடிதங்களை யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன.

யூனிகோடிலும் ஒரு குறை உண்டு. சில பீடிஎஃப்களில் ‘கேகாலை’ என்பதை வெட்டி ஒட்டினால் ‘ேககாைல’ என்று வரும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்புகள் சேமிக்கப்படுவதே காரணம். ஆகவே மின்னஞ்சலில் அனுப்பும்போது பீடிஎஃபை இணைப்பதோடு, கடிதத்தின் வாசகத்தை மின்னஞ்சலின் உடலிலும் ஒட்டிவிடுவது நல்லது.

லெப்டொப் இல்லாதவர்கள் தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம். தொலைபேசியின் தமிழ் விசைப்பலகை தருவது யூனிகோட்தான். கூகுள் டொக்ஸில் எழுதி, பக்க அளவை ஏ4 ஆக்கி, பீடிஎஃபாகச் சேமித்தால் எழுத்துருவும் பதிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் மூன்று பரிசோதனைகள்

ஒன்று: பீடிஎஃபை வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். தொலைபேசிகளில் பாமினி இருக்காது. அங்கே தமிழ் தெரிந்தால் கடையிலும் தெரியும்.

இரண்டு: எடோப் ரீடரில் கோப்பின் ‘புரொப்பர்ட்டீஸ்’ பெட்டியைத் திறந்து ‘ஃபொன்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். அதே பெட்டியின் முதற்பகுதியில் பக்க அளவும் இருக்கும்.

மூன்று: கடிதத்திலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் அது யூனிகோட்.

மூன்றும் சரியாக இருந்தும் கடையின் பிரிண்டர் எழுத்துகளைக் குழப்பினால், ரீடரின் பிரிண்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்ட்’ உள்ளே ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ என்ற தெரிவு உண்டு. பக்கத்தைப் படமாக்கி அனுப்பும், பெரும்பாலும் சரிவரும். ஆனால் எழுத்துரு பதியாத கோப்பை இது காப்பாற்றாது.

உரிமையும் தாளும்

1988 இன் 16 ஆவது திருத்தத்துக்குப் பின்னர் நமது அரசியலமைப்பின் 22(2) உறுப்புரை சொல்வது இது: சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரித்துடையவர். இந்த உரிமை மீறப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். கடிதத்தை ஏற்க மறுத்தால் முறையிட இடமுண்டு. ஆனால் கடிதம் கடையிலேயே கலைந்து சிங்களமாக மாறிவிட்டால், தமிழில் ஒரு கடிதம் எழுதப்பட்டது என்பதே யாருக்கும் தெரியாது. பஸ் செலவும் ஒரு நாள் பெயரும் போனதுதான் மிச்சம்.

அன்று மூன்றாவது தாள் வந்ததும் அந்த அக்கா அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், மகளின் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். பிறகுதான் பேனாவைக் கேட்டார்.