பத்து நிமிடம் போதுமா?

தைராய்டு சுரப்பியின் பின்புறம் அரிசி மணி அளவில் அமைந்திருப்பவை பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலானோருக்கு இவை நான்கு. சிலருக்கு ஐந்தும் இருப்பதுண்டு. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைச் சீராக வைத்திருப்பதே இவை சுரக்கும் ஹார்மோனின் பணி.

சிறுநீரகம் செயலிழக்கும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது, வைட்டமின் டி செயல்படும் வடிவத்தை அடைவது குறைகிறது, கால்சியம் தாழ்கிறது. அதனை ஈடுகட்ட ஓயாது சுரக்கும் பாராதைராய்டுகள் நாளடைவில் பருத்துவிடுகின்றன. எலும்பு வலி, எலும்பு முறிவு, தீராத அரிப்பு, ரத்தக் குழாய்களில் கால்சியம் படிதல் ஆகியவை இதன் விளைவுகள். மருந்துகளுக்குக் கட்டுப்படாதபோது அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

மூன்றரைச் சுரப்பிகளை அகற்றி அரைச் சுரப்பியை விட்டுவைப்பது ஒரு முறை. நான்கையும் அகற்றி, சில துணுக்குகளை முன்கைத் தசையில் பதிப்பது மற்றொரு முறை. குறைவாக அகற்றினால் நோய் நீடிக்கும். மிகையாக அகற்றினால் கால்சியம் நிரந்தரமாகக் குறையக்கூடும்.

அறுவை சிகிச்சையின்போதே ஹார்மோனை அளவிடும் பரிசோதனை இங்குதான் துணைக்கு வருகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோன் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். எனவே, சுரப்பியை அகற்றிய 10 நிமிடங்களில் அளவு 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வெற்றி என்கிறது 'மயாமி அளவுகோல்'.

சிறுநீரக நோயாளிகளுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது. ஹார்மோனின் சிதைந்த துண்டுகளைச் சிறுநீரகமே பெரிதும் வெளியேற்றுகிறது. அது பழுதானால் அவை ரத்தத்திலேயே தங்கிவிடும். வழக்கமான பரிசோதனைகள் சில துண்டுகளையும் சேர்த்தே கணக்கிடுவதால், அளவு மெதுவாகவே குறைவதாகத் தோன்றும். மேலும், 1,500 பிகோகிராமில் தொடங்கும் ஒருவருக்குப் பாதியாகக் குறைந்தாலும் 750 எஞ்சியிருக்கும். இயல்பான உச்ச அளவோ ஏறத்தாழ 65தான். ஆகவே 20 நிமிடங்கள் வரை காத்திருப்பதும், சதவீதத்தோடு எஞ்சிய அளவையும் நோக்குவதும் அவசியம். எதிர்பார்த்தபடி குறையாவிடில், தைமஸ் சுரப்பியிலோ வேறிடத்திலோ ஒளிந்திருக்கும் சுரப்பியைத் தேட வேண்டும்.

எனினும், எண் குறைந்ததும் சிகிச்சை நிறைவடைந்ததாகக் கொள்ளலாகாது. ஹார்மோன் திடீரெனத் தாழ்ந்ததும் எலும்புகள் கால்சியத்தை வேகமாக உறிஞ்சத் தொடங்கும். 'பசித்த எலும்பு' எனப்படும் இந்நிலையில் கைகால் மரத்துப்போதல், தசை இழுப்பு, இதயத் துடிப்பில் கோளாறு ஆகியன நேரலாம். அடுத்த சில நாள்களுக்குக் கால்சியத்தை அடிக்கடி அளந்து ஈடுசெய்வது உயிர்காக்கும் கடமை.

இப்பரிசோதனை அறுவை மருத்துவரின் அனுபவத்துக்கு மாற்றன்று, துணை மட்டுமே. ஆயினும், டயாலிசிஸால் ஏற்கெனவே தளர்ந்த ஒருவரை இன்னொரு அறுவை சிகிச்சையிலிருந்து காக்குமெனில், கூடுதலாகக் காத்திருக்கும் பத்து நிமிடம் வீணன்று.